ஒன்பதாம் நாள் பாட்டு

குளச்சல்
5 டிசம்பர் 2022

பிந்துவுக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். மேலே கறுப்பாகத் தெரிவது அதுதான்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ எழுத்தில் பதில் போட மாட்டாய், பேசித்தான் அனுப்புவாய். உன் குரலைக் கேட்கிற நிலைமையில் நான் இல்லை. உன் எண்ணைத் தடுத்துவிட்டேன். அஞ்சுகிராமத்தில் உன் அப்பாவின் கடைக்குப் போய் மான்செஸ்டர் முகவரியை வாங்கி வந்தேன். முருகதாஸ் அண்ணாச்சி எனக்கு நன்னாரி சர்பத் கொடுத்து, நீ பாடுகிற வீடியோவைக் காட்டினார். ஒலியை முழுவதும் குறைத்துவிட்டுத்தான் காட்டினார். நல்லவேளை.

போன புதன்கிழமை புயல் அடித்து ஐந்து வருடம் ஆனது. காலையில் கோயிலில் நினைவுப் பூசை முடிந்ததும் அம்மை வழக்கம்போல ஏலக்கூடத்துக்குப் போனாள். திங்கள்சந்தைக்குக் கொண்டுபோக நெத்தோலி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவன் போனில் ரீல் ஓடியது. கடல், மெழுகுவத்தி, காணாமல் போனவர்களின் படங்கள். பின்னால் உன் பாட்டு. முதலில் உன் பேஸ் கிட்டார். அதன் மேல் ஒரு பெண் ஒப்பாரி வைக்கிறாள்.

அம்மை மீனிலிருந்து கையை எடுத்தாள். "இது எனக்க சத்தமில்லியா?" என்று கேட்டாள். பாவம், வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கேட்ட பிறகு கூட்டம் கூடிவிட்டது. அவன் பாட்டின் பெயரை உரக்கப் படித்தான். 'ஒன்பதாம் நாள்.'

ஏட்டி, நீ அஞ்சுகிராமத்துக்காரி. ஆனாலும் எங்கள் வீட்டில் தின்று வளர்ந்தவள். உனக்குத் தெரியாததா? தேடப் போனவர்கள் தேடலை விடும்வரை வீட்டுப் பெண் ஒப்பாரி வைக்கக் கூடாது. வைத்தால், கடலில் இருப்பவனை அவளே அனுப்பிவிட்டாள் என்று அர்த்தம். ஒன்பதாம் நாள் நாங்கள் கடலில்தான் இருந்தோம். ஐந்து வருடமாக அம்மை, "அவரு வருவாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடக்கப் பூசைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் அப்பாவுக்கு ஒரு தட்டில் சோறு எடுத்து மூடி வைக்கிறாள். அப்படிப்பட்டவள் ஒன்பதாம் நாளே அழுது முடித்துவிட்டாள் என்று இன்று கரை முழுவதும் பேசுகிறார்கள்.

பனிமயம் அத்தை வந்தாள். அப்பாவின் உடன்பிறந்தவள். அவள் மகன் ஜெரினும் அதே வள்ளத்தில் போனவன்தானே. வாசலில் நின்றுகொண்டு, "ஒம்பதாம் நாளே எனக்க மொவனையும் சேத்து அனுப்பிட்டியேட்டி, பிரகாசி" என்று கேட்டாள்.

எப்போது பதிவு செய்தாய்? யாரிடம் கேட்டாய்? அம்மையின் குரலை எல்லா இடத்திலிருந்தும் எடு. எங்கெங்கே வைத்திருக்கிறாயோ அங்கெல்லாம் அழி. இதற்கு மேல் உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

ஸ்டெனி


மான்செஸ்டர்
19 டிசம்பர் 2022

அன்புள்ள ஸ்டெனி,

நான் அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்மைலினைக் கூப்பிட்டேன். "அண்ணனுக்குத் தெரியாம பேசுகேன்" என்று அழுதாள். அம்மா சாப்பிடுகிறார்களா என்று கேட்டேன். ஏதோ சாப்பிடுகிறாள் என்றாள். அதற்குப் பிறகு மூன்று முறை இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். முதலாவதில் மன்னிப்பு கேட்டிருந்தேன். இரண்டாவதில் உன்னைத் திட்டியிருந்தேன். மூன்றாவது என்ன என்று எனக்கே தெரியவில்லை.

எப்போது பதிவு செய்தேன் என்று கேட்டாய். புயலுக்குப் பிறகு ஸ்மைலினுக்குத் துணையாக உங்கள் வீட்டில் தங்கியிருந்தேனே, அப்போதுதான். நான் எதையும் பதிவு செய்கிறவள் என்பது உனக்குத் தெரியும். பேருந்தில் நடத்துனர் விசிலடிப்பது, எங்கள் அய்யா கோயிலான நிழல்தாங்கலில் ஏடு வாசிக்கும்போது என் அப்பா வரியின் கடைசியை இழுப்பது, நீ சாப்பாட்டு மேசையில் தட்டுவது எல்லாமே என் போனில் இருந்தன. அன்று நான் முனகிக்கொண்டிருந்த ஒரு மெட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பக்கத்து அறையில் அம்மா அழத் தொடங்கினார்கள். நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. திருட வேண்டும் என்று நினைத்து வைத்திருக்கவில்லை, ஸ்டெனி. கை நகரவில்லை.

ஆனால் பாட்டில் சேர்த்தது கை நகராததால் அல்ல. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே வந்து இரண்டு வருடம் என் பாட்டு யாருக்கும் வேண்டாததாக இருந்தது. ஞானதாசன் அண்ணனின் இன்னிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறவன் கத்தாருக்குப் போனபோது, "பாட்டு இல்லாத நேரம் சும்மாதானே இருக்க, இதைப் பிடி" என்று அவர் என் கையில் அந்தக் கிட்டாரைத் திணித்தாரே, அப்படித் தொடங்கியது என் வாழ்க்கை. நாலு கம்பி. டிரம்ஸ் மிதிக்கும் உன் காலைப் பார்த்துக்கொண்டே வாசிக்கக் கற்றேன், வாசித்துக்கொண்டே பாடக் கற்றேன். அந்தக் கல்யாண வீடுகளில் எனக்கு எது சினிமாப் பாட்டு, எது கோயில் பாட்டு, எது ஆங்கிலப் பாட்டு என்ற பிரிவே இல்லாமல் போனது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தங்கள் கோயில்களில் பாடிப் பாடி உண்டாக்கிய சோல் பாட்டை ஸ்மைலினின் மடிக்கணினியில் முதன்முதலாகக் கேட்டபோது, 'அட, இது நம்ம ஆட்களின் இழுப்பல்லவா' என்றுதான் தோன்றியது. அதை நான் பாடினால் இங்கே உள்ளவர்களுக்கு நகல் மாதிரி இருந்தது. அம்மாவின் குரலை நாற்பது விநாடி முன்னால் வைத்து, அவர்கள் மூச்சு விடுகிற இடமெல்லாம் பேஸை நிறுத்தி வாசித்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சோல் என்கிறார்கள், ஜாஸ் என்கிறார்கள், ஒருவர் நாட்டுப்புறம் என்று எழுதினார். எனக்குப் பெயர் கிடைத்தது அந்த ஒரு பாட்டால்தான். அதை எடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று நீ யோசித்தாயா?

நம் ஊரில் யார் இதைக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அது என் முட்டாள்தனம். அந்தப் பெயரை வைத்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். இங்கே உள்ளவர்களுக்கு அது வெறும் பெயர். குளச்சலில் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

பெயரை மாற்றுகிறேன். குரலை எடுக்க என்னால் முடியாது. அன்று அம்மா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார்கள். அதை மீறாமல் இதற்கு மேல் எழுதவும் முடியாது. ஒரே ஒரு முறை அம்மாவிடம் என்னைப் பேச விடு.

பிந்து


குளச்சல்
11 ஜனவரி 2023

பிந்து,

நீ பெயர் வாங்கிய கதையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அம்மை சாப்பிட்டாளா என்பது ஒரு வரி. எது முதலில் வர வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

நீ எழுதச் சொல்லாததையும் எழுதுகிறேன். அன்று அப்பாவோடு கடலுக்குப் போயிருக்க வேண்டியவன் நான். நவம்பர் இருபத்தொன்பது, தக்கலையில் கல்யாண வரவேற்பு. "நீ வராட்டா நான் யாருக்க காலைப் பாத்து வாசிப்பேன்" என்று போனில் கெஞ்சியது யார்? அப்பா தடுக்கவில்லை. "போயிட்டு வா மக்கா, ஜெரினைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஜெரினுக்கு இருபத்திரண்டு வயது. என் இடத்தில் உட்கார்ந்து போனான். நாம் தக்கலையில் பிரியாணி தின்றோம்.

உன்னைக் குறை சொல்லவில்லை. வர மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்ததுதானே. அந்த டிரம்ஸை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. இப்போது வேறொருவருடைய விசைப்படகில் போகிறேன். பனிமயம் அத்தையின் வாசலைத் தாண்டித்தான் தினமும் கடலுக்குப் போக வேண்டும். அவள் என்னைப் பார்க்கிற பார்வையை ஐந்து வருடமாகச் சுமக்கிறேன். அம்மை, "வருவாரு, ரெண்டு பேரும் வருவாங்க" என்று சொல்வதால்தான் அத்தையும் அதைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தாள்.

இப்போது அம்மை அப்படிச் சொல்வதில்லை. சந்தைக்குப் போவதில்லை. சாயங்காலம் தட்டு வைப்பதையும் நிறுத்திவிட்டாள். நேற்று நானே ஒரு தட்டில் சோறு எடுத்து மூடி வைத்தேன். அவள் அதை எடுத்துத் திரும்பப் பானையில் போட்டாள். "என்னத்துக்கு மக்கா, வீணாப் போவும்" என்றாள்.

கடல் செய்யாததை உன் பாட்டு செய்துவிட்டது. அம்மையிடம் உன்னைப் பேச விட மாட்டேன். குரலை எடுக்கிறாயா இல்லையா, அதை மட்டும் எழுது. யூடியூபில் வேறு ஆட்கள் போட்டிருக்கிற இணைப்புகளைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பதினேழு. ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

ஸ்டெனி


மான்செஸ்டர்
2 ஏப்ரல் 2023

ஸ்டெனி,

எடுத்துவிட்டேன்.

நீ சொன்னதால் இல்லை. பிப்ரவரியில் அம்மா ஸ்மைலினின் போனில் என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்மைலினைத் திட்டாதே, அம்மாதான் எண்ணைப் போடச் சொன்னார்களாம். "எடுத்துரு மக்கா, பனிமயத்துக்க முகத்தில முழிக்க முடியல்ல" என்றார்கள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒருவேளை நான் வாதாடியிருப்பேன்.

பாட்டு இப்போது எங்கேயும் இல்லை. உன் பதினேழு இணைப்புகளும் போய்விட்டன. நீ எழுதாத ஆறு இருந்தன, அவையும் போய்விட்டன. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த கோப்பை என் கண் முன்னால் அழிக்க வைத்தேன். என் பழைய போன், மடிக்கணினி, தனியாக வைத்திருந்த ஹார்டு டிஸ்க் எல்லாவற்றிலும் அழித்தேன். என் பாட்டை வெளியிட்டவர்கள் என்னோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். கோடையில் இருந்த கச்சேரிகளும் போயின. அவர்களுக்கு நான் விளக்கிப் பார்த்தேன். தன் குரலைத் தானே கேட்டு ஒரு பெண் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

இப்போது வேறு பாடகர்களுக்குப் பின்னால் நின்று பேஸ் வாசிக்கிறேன். பாடுவதில்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன், இரக்கப்பட வேண்டும் என்று அல்ல.

பதில் வேண்டாம்.

பிந்து


குளச்சல்
8 அக்டோபர் 2024

அன்புள்ள பிந்து,

அம்மை போய்விட்டாள்.

செப்டம்பர் ஆறாம் தேதி காலை. முந்தின நாள்கூட நன்றாகத்தான் இருந்தாள். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று ஸ்மைலினைத் தடுத்தது நான்தான். அவள் ஒரு மாதமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நேற்று முன்தினம் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. இனியும் உன்னிடம் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எழுத முடியாமல் போய்விடும்.

பூசை முடிந்து வந்து ஸ்மைலின், "அண்ணே, அம்மைக்க சத்தத்த ஒருக்கா கேக்கணும்போல இருக்கு" என்றாள். எனக்கும் அதே நினைப்புதான். இருக்கிற போன்களையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். அம்மை போனில் என்றைக்குப் பேசினாள்? "ம்ம், வச்சிரட்டா" அவ்வளவுதான், அதுவும் பதிவாகவில்லை. ஸ்மைலினின் கல்யாண வீடியோவைப் போட்டோம். அம்மை சிரித்துக்கொண்டு யாரிடமோ ஏதோ சொல்கிறாள், வாய் அசைகிறது. வீடியோக்காரன் அதன் மேல் சினிமாப் பாட்டை ஏற்றி வைத்திருக்கிறான். முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடிவரை பாட்டு. ஸ்மைலின் டிவியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கரையில் உள்ள பயல்களிடம் அந்த ரீல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். போன வருடம் அதே பயல்களில் ஒருவனுடைய போனை நான் பிடுங்கிக் கல்லில் அடித்து உடைத்திருக்கிறேன். "நீங்கதானே அண்ணே எல்லாத்தையும் அழிக்கச் சொன்னிய" என்றான். உண்மைதான். நான்தான் தேடித் தேடி அழிக்க வைத்தேன்.

பிந்து, நீ ஒரு நாளும் என் பேச்சைக் கேட்டவள் இல்லை. மூன்றாம் தாளத்தில் வா என்றால் நாலில் வருவாய். கச்சேரிக்கு ஏழு மணி என்றால் எட்டுக்கு வருவாய். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று நீ எழுதியதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும். எங்கேயோ ஒரு மூலையில் வைத்திருப்பாய். வைத்திருக்கிறேன் என்று எழுது. திட்ட மாட்டேன். உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

ஸ்டெனி


மான்செஸ்டர்
21 அக்டோபர் 2024

ஸ்டெனி,

என் வாழ்நாளில் நீ சொன்ன ஒன்றை முழுமையாகச் செய்திருக்கிறேன் என்றால் அது இதுதான். அழித்துவிட்டேன். எந்த மூலையிலும் இல்லை.

உன் கடிதம் வந்த பிறகும் தேடினேன். பழைய போனை இங்கே ஒருவரிடம் கொடுத்து, அழித்ததை மீட்க முடியுமா என்று கேட்டேன். நான்கு நாள் வைத்திருந்துவிட்டு முடியாது என்றார். ஒலிப்பதிவுக் கூடத்தில் கேட்டேன். நீதானே நின்று அழிக்க வைத்தாய் என்றார்கள். உனக்கு உன் ஊரில் கிடைத்த பதிலே எனக்கு இங்கேயும் கிடைத்தது.

அம்மா போனதை ஆறு வாரம் கழித்து அறிந்தேன். இதற்கு உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இப்போது அந்தச் சத்தியத்தைப் பற்றி எழுதுகிறேன். வாங்கியவர் இல்லாத பிறகு அது என்னைக் கட்டுமா கட்டாதா என்று மூன்று நாள் யோசித்தேன். கட்டினாலும் பரவாயில்லை.

டிசம்பர் எட்டு, மாதா திருநாள். நீ தேடல் படகில் இருந்தாய். மற்றவர்கள் எல்லோரும் கோயிலில். மத்தியானம். அம்மா அடுக்களையில் தனியாக உட்கார்ந்து அழுதார்கள். நான் உள்ளறையில் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. முடித்துவிட்டு முகம் கழுவி உள்ளே வந்தவர்கள் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"கேட்டியா?"

தலையை ஆட்டினேன்.

"அவரு போயாச்சு மக்கா. மூணாம் நாளே எனக்குத் தெரியும். ஸ்டெனிட்ட மட்டும் சொல்லிராத. போயாச்சுண்ணு எனக்க வாயால வந்தா, தான் போகாததாலதான்னு அவன் நெஞ்சு வெடிச்சிரும். வருவாருண்ணு நான் சொல்லிட்டு இருக்குத வரைக்கும் அவன் தாங்குவான், கேட்டியா?"

பிறகு சத்தியம் கேட்டார்கள். வேளாங்கண்ணி மாதா மேல் செய்யட்டுமா என்றேன். "அது எனக்க மாதா. ஒனக்க அய்யா மேல பண்ணு, அப்பதான் நீ பயப்படுவ" என்றார்கள். அந்த நேரத்திலும் அப்படிச் சொல்ல அவர்களால் முடிந்தது. பண்ணினேன். போனில் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அம்மா வைத்த அந்தத் தட்டு அப்பாவுக்காக இல்லை, ஸ்டெனி. உனக்காக. அந்தப் பாட்டு வெளியே வந்ததும் அதை வைப்பதில் பொருள் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் நிறுத்தினார்கள்.

பிந்து


குளச்சல்
9 நவம்பர் 2024

அன்புள்ள பிந்து,

உன் கடிதத்தைத் துறைமுகத்தில் உட்கார்ந்து படித்தேன். சிரித்தேன் என்றால் நம்புவாயா? பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர், "என்னலே, லாட்டரியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அழுதேன். அவர் எழுந்து போய்விட்டார்.

நானும் ஒன்றை மறைத்தேன். தேடப் போன ஐந்தாம் நாள், எங்கள் வள்ளத்தின் முன்பகுதி மிதந்து போவதைப் பார்த்தேன். உடைந்த துண்டு. அப்பா கையால் எழுதிய அந்தோணியார் பெயரில் பாதி இருந்தது. படகில் வந்த மற்றவர்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அது தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். கரைக்கு வந்து ஒன்றும் தட்டுப்படவில்லை என்றேன். அம்மை நம்பிக்கொண்டிருக்கிறாளே, அதைப் போய் நான் எப்படிக் கெடுப்பது? அம்மை எனக்காக நடித்திருக்கிறாள். நான் அம்மைக்காக நடித்திருக்கிறேன். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, இத்தனை வருடம். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நாள் அழுதிருப்போம்.

நாங்கள் இரண்டு பேரும் நடித்ததில் மாட்டிக்கொண்டது பனிமயம் அத்தை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். துண்டைப் பார்த்ததைச் சொன்னேன். என் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். நான் நகரவில்லை. பிறகு அப்படியே வாசலில் உட்கார்ந்து, ஜெரினைப் பெயர் சொல்லி அழத் தொடங்கினாள். ஏழு வருடம் வைத்திருந்த அழுகை. தெருப் பெண்கள் எல்லோரும் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜெரினுக்கும் அப்பாவுக்கும் நவம்பர் முப்பதாம் தேதி அடக்கப் பூசை வைக்கிறோம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கேட்கப் பயமாகவும் இருக்கிறது. நீ பாட்டில் வைத்த நாற்பது விநாடியை நான் கேட்டிருக்கிறேன். கடலைத் திட்டுகிறாள், அப்பாவைக் கூப்பிடுகிறாள். ஆனால் அவள் அழுதது நாற்பது விநாடி மட்டும்தானா? மீதியில் என்ன சொன்னாள்? நான் போகாமல் கரையில் நின்றுவிட்டேன் என்று ஒரு இடத்திலாவது சொன்னாளா? என் பெயரை எடுத்தாளா? நெஞ்சு வெடிச்சிரும் என்று உன்னிடம் சொன்னது வேறு. யாரும் கேட்கவில்லை என்று நினைத்து அழும்போது வருவதுதான் உண்மை. அம்மை என்னைக் கடைசிவரை திட்டியதே இல்லை. திட்டாதவர்கள் மனதில் என்ன இருக்கும் என்று நினைத்தே எனக்குப் பாதித் தூக்கம் போயிற்று.

திட்டியிருந்தால் திட்டினாள் என்றே எழுது. சோடித்து எழுதாதே.

ஸ்டெனி


மான்செஸ்டர்
18 நவம்பர் 2024

அன்புள்ள ஸ்டெனி,

இருபத்தெட்டாம் தேதி காலை நாகர்கோவில் சந்திப்பில் இறங்குகிறேன். கிட்டாரைக் கொண்டுவரவில்லை. கூப்பிடாமல் வருகிறேன் என்று நினைத்தால் வாசலிலேயே சொல், அஞ்சுகிராமத்துக்குப் போய்விடுகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இதை என்னால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அம்மா பதினொரு நிமிடம் அழுதார்கள். கடலைத் திட்டியதும் அப்பாவைக் கூப்பிட்டதும் முதல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டன. நான் எடுத்துக்கொண்டது அதிலிருந்துதான். மீதி முழுவதும் உன்னைப் பற்றி. அதைப் பாட்டில் வைக்க நான் துணியவில்லை. ஜெரினின் அம்மா பக்கத்து வாசலில் இருக்கும்போது அதை யார் காதிலும் போட முடியாது என்பது மட்டும் எனக்கு அன்றைக்கே புரிந்திருந்தது. பிப்ரவரியில் கூப்பிட்டபோது அம்மா கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். "முழுசும் வச்சிருக்கியா?" ஆமாம் என்றேன். "அதையும் அழிச்சிரு. பனிமயம் கேட்டா தாங்க மாட்டா" என்றார்கள்.

அழிப்பதற்கு முன் ஒரு முறை முழுவதும் கேட்டேன். மூச்சு எங்கே விட்டார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். நீயும் ஸ்மைலினும் வேண்டும் என்றால், கதவைச் சாத்திக்கொண்டு பாடிக் காட்டுகிறேன். ஆனால் அது என் குரலாகத்தான் இருக்கும், ஸ்டெனி. எவ்வளவு முயன்றாலும் அம்மாவின் குரலாக இருக்காது. அதற்காக நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

அம்மா உன்னைத் திட்டவில்லை. சோடிக்கவில்லை, சொற்கள் இவைதான். அப்பாவைப் பார்த்துச் சொல்கிறார்கள். நன்றி சொல்கிற மாதிரி, குரலைத் தாழ்த்தி, இதே இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப:

ஒத்த மவன எனக்கு ஒதுக்கி வச்சுப் போனீரே
பெத்த வயிறு எரியாம பாத்து வச்சுப் போனீரே

இதைத்தான் நான் அழித்தேன்.

பிந்து